மீன் தொட்டியில் நத்தை பெருகினால்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நன்னீர்த் தொட்டியில் கட்டுக்கடங்காமல் பெருகும் நத்தைகளைப் பற்றியவை. ஆகவே பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

இரண்டடித் தொட்டியில் எட்டு கப்பி, பத்து நியான் டெட்ரா வளர்க்கிறேன். ஹைட்ரில்லா செடி வாங்கி வைத்த இரண்டே மாதத்தில் கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்ன நத்தைகள். தினமும் இருபது, முப்பது எடுத்துப் போட்டும் குறையவில்லை. காலை, மாலை இரு வேளையும் ஒரு சிட்டிகை தீனி போடுகிறேன். இதற்கு என்ன மருந்து? (வாசகி, தாம்பரம்)

மருந்து வேண்டாம். உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு முந்தைய வரியிலேயே காரணம் இருக்கிறது. பதினெட்டு சிறு மீன்களுக்கு நாளுக்கு இரண்டு சிட்டிகை என்பது அவை தின்று முடிக்கும் அளவைவிட அதிகம். மிச்சம் அடியில் பரப்பிய சிறுகற்களுக்குள் (கிராவல்) இறங்குகிறது. அதை நத்தைகள் தின்கின்றன. ஒரு தொட்டியில் எத்தனை நத்தை வாழும் என்பதைத் தீர்மானிப்பது தீனிதான். நீங்கள் முப்பதை எடுத்தால், அந்த முப்பதுக்கான தீனி மீதிக் குஞ்சுகளுக்குப் போய்ச் சேருகிறது. அவை இன்னும் வேகமாக வளர்ந்து முட்டையிடுகின்றன.

செடியோடு வருபவை பெரும்பாலும் பிளாடர் ஸ்நெயில் அல்லது ராம்ஸ்ஹார்ன். இரண்டும் இருபால் உயிரிகள். துணை இல்லாவிட்டால் ஒற்றை நத்தையே தன் முட்டையைத் தானே கருவுறச் செய்துகொள்ளும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்து இலைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பட்டாணி அளவில், நிறமே இல்லாத கோழைத் துளி ஒட்டியிருக்கும். அதற்குள் ஊசிமுனைப் புள்ளிகள் பத்து முதல் முப்பது வரை தெரியும். அதுதான் முட்டைக் கூட்டம். நம் ஊர் வெப்பத்தில், அதாவது 27, 28 டிகிரியில், ஒரு வாரம் பத்து நாளில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு ஒன்றரை மாதத்துக்குள் தானே முட்டையிடத் தொடங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். தீனியை நாளுக்கு ஒரு வேளையாக்குங்கள். கொஞ்சம் போட்டுக் காத்திருந்து, தின்ற பிறகு இன்னும் கொஞ்சம் போடுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முழுவதும் காலியாக வேண்டும். ஒரு துகள்கூட அடியைத் தொடக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் தீனியே வேண்டாம். வளர்ந்த, நலமான மீன்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கப்பிக் குஞ்சுகள் இருந்தால் மட்டும் அவற்றைத் தனியே பிரித்து வழக்கம்போல் தீனி கொடுங்கள்.

வாரம் ஒரு முறை சைஃபன் குழாயின் அகன்ற வாயைக் கிராவலுக்குள் குத்தி, தொட்டியின் மூன்றில் ஒரு பகுதி அடியை மட்டும் நன்றாக உறிஞ்சுங்கள். அடுத்த வாரம் அடுத்த பகுதி. கால் பங்குத் தண்ணீர் அதிலேயே மாறிவிடும். ஒரே நாளில் அடி முழுவதையும் கிளறினால் அங்கே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். முழுக் குழாயையும் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்தாலே தண்ணீர் இறங்கும். பழுத்த, அழுகிய இலைகளைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். பக்கக் கண்ணாடியில் படரும் பாசியும் நத்தைக்குச் சாப்பாடு என்பதால் விளக்கை ஆறேழு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள்.

இதோடு பொறியும் வையுங்கள். விரல் தடிமனில் வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, ஒரு ஸ்டீல் முள்கரண்டியில் குத்தி, விளக்கை அணைத்து அரைமணி கழித்துத் தொட்டியின் அடியில் வையுங்கள். சுரைக்காய், கீரைத் தண்டு எதுவும் ஆகும். காலையில் விளக்குப் போடுமுன் அப்படியே தூக்கினால் ஒரே பிடியில் ஐம்பது, அறுபது நத்தை வரும். தாமதித்தால் அவை இறங்கிப் போய்விடும். காயும் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

முதல் இரண்டு வாரம் நத்தை கூடியதுபோலத் தோன்றும். பசியெடுத்தவை ஒளிவிடம் விட்டுக் கண்ணாடியில் ஏறி அலைவதுதான் காரணம். அப்போது மனம் தளர்ந்து மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள். நாலைந்து வாரத்தில் முட்டைக் கூட்டங்கள் அரிதாகும், நத்தைகளின் சராசரி அளவும் சிறுக்கும்.

எந்த வகை நத்தை என்று தெரிந்துகொள்வது எப்படி? எல்லாம் ஒன்றுபோல்தான் தெரிகிறது. (வாசகர், திருச்சி)

ஓட்டைக் கையில் எடுத்து, கூர்முனை மேலே, வாய் உங்கள் பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். வாய் இடது பக்கம் இருந்தால் பிளாடர் ஸ்நெயில். நத்தை ஓடுகளில் பெரும்பான்மை வலப்பக்கம் திறப்பவை என்பதால் இந்த ஒரு சோதனையே போதும். ஓடு மெல்லியது, உள்ளே மஞ்சள் புள்ளிகள் தெரியும், நகரும் வேகமும் அதிகம். வாய் வலப்பக்கம் இருந்து, கொம்புகள் முக்கோணத் தட்டையாக இருந்தால் லிம்னியா வகைக் குளத்து நத்தை.

சுருட்டி வைத்த முறுக்குபோல் தட்டையாக, பழுப்பிலோ சிவப்பிலோ இருப்பது ராம்ஸ்ஹார்ன். ஊசிபோல் நீண்டு கூம்பாக, பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து இரவில் வெளிவருவது மலேசியன் ட்ரம்பெட். இதன் வாயில் மூடி ஒன்று உண்டு. தொட்டால் அதைச் சாத்திக்கொள்ளும். கோலிக்குண்டைவிடப் பெரிதாக, உருண்டையாக, மூடியோடு இருந்தால் ஆப்பிள் ஸ்நெயில் குடும்பம். நம் வயல் நத்தையும் கடையில் விற்கும் மிஸ்டரி ஸ்நெயிலும் அந்தக் குடும்பம்தான்.

வகை தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம். பிளாடருக்குப் பலிக்கும் வழி ட்ரம்பெட்டிடம் பலிக்காது.

மூன்றடித் தொட்டி, அடியில் மணல். ட்ரம்பெட் நத்தை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. மயில்துத்தம் போட்டால் ஒரே நாளில் ஒழிந்துவிடும் என்கிறார்கள். எவ்வளவு போடலாம்? (வாசகர், மதுரை)

போடவே கூடாது. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். நத்தையைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு போட்டால் நத்தை சாகும், எவ்வளவுக்கு மேல் மீன் சாகும் என்பது தண்ணீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் பொறுத்து மாறுகிறது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மென்மையான தண்ணீரில் மிகச் சிறு அளவே மீனுக்கு விஷம். போர்வெல் உப்புத் தண்ணீரிலோ தாமிரத்தின் பெரும்பகுதி கார்பனேட்டோடு சேர்ந்து படிந்துவிடும். நத்தை சாகவில்லையே என்று இரண்டாம் முறை போடுவார்கள், மூன்றாம் முறை போடுவார்கள். படிந்த தாமிரம் மணலில் தங்கியிருந்து, பின்னால் பிஎச் இறங்கும்போது மறுபடி கரைகிறது. மருந்து போட்டுச் சில வாரம் கழித்துக் காரணம் புரியாமல் மீன் சாவதும், அந்தத் தொட்டியில் இறால் பிழைக்காமல் போவதும் இதனால்தான். கடைகளில் ஸ்நெயில் கில்லர் என்று வரும் பல திரவங்களிலும் இருப்பது இதே தாமிரம். லேபிளைப் படித்துப் பாருங்கள். வேலிஸ்னேரியா போன்ற செடிகளும் இதில் கரைந்துபோகும்.

ட்ரம்பெட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மூடியைச் சாத்திக்கொண்டு மணலுக்குள் கிடந்து மருந்தின் உச்சத்தைத் தாண்டிவிடும். பெண் நத்தை ஆணின் துணை இல்லாமலே குட்டி போடும். முட்டையை வெளியே இடுவதில்லை, குட்டியாகவே விடும். ஒன்று தப்பினாலும் போதும். கல்லுப்பும் பயன்படாது: இந்த நத்தை கழிமுக உவர்நீரிலேயே வாழக்கூடியது. தொட்டியில் இருக்கும் செடிகளும் கோரிடோராஸ் போன்ற மீன்களும்தான் முதலில் பாதிக்கப்படும்.

மணல் தொட்டியில் ஒரு சௌகரியம், தீனி மேலேயே தங்கும். சைஃபனை மணலுக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்து அழுக்கை மட்டும் இழுக்கலாம். பொறி வைக்க அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டுத் தலைகீழாக உள்ளே செருகுங்கள். நாலு கூழாங்கல்லும் இரண்டு தீனி மாத்திரையும் உள்ளே போட்டு, பாட்டிலைப் படுக்க வைத்து, வாய் மணலோடு சமமாகும்படி லேசாகப் புதையுங்கள். இரவு வைத்து விடியற்காலையில் எடுங்கள். வாரம் மூன்று இரவு, இரண்டு மாதம் விடாமல் செய்யுங்கள்.

ட்ரம்பெட்டை அடியோடு ஒழிக்க வேண்டுமென்றால் தொட்டியைக் கலைப்பது ஒன்றே வழி. மணலை வாளிக்கு மாற்றிக் கொதிநீர் ஊற்ற வேண்டும் (தொட்டிக்குள்ளேயே ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும்). வெயிலில் காயவைப்பதை மட்டும் நம்பாதீர்கள். மூடியைச் சாத்திக்கொண்டு ஈரமில்லாமல் பல நாள் தாக்குப்பிடிக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் குட்டிகள் ஒளிந்திருக்கும். ஸ்பாஞ்சையும் கொதிக்க வைத்தால் பாக்டீரியா போய், தொட்டியை முதலிலிருந்து பக்குவப்படுத்த வேண்டும். எங்கள் கருத்தில் அந்தப் பாடு தேவையில்லை. அளவோடு இருக்கும் ட்ரம்பெட் மணலைக் கிளறி, அடியில் காற்றில்லாமல் அழுகும் பகுதிகள் உண்டாகாமல் பார்த்துக்கொள்கிறது. பட்டப்பகலில் அவை மொத்தமாக வெளியேறிக் கண்ணாடியில் மேலே ஏறினால் மட்டும் உடனே கவனியுங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது அல்லது அம்மோனியா ஏறிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

நேற்று நத்தைக்கொல்லி ஊற்றினேன். நத்தைகள் செத்துவிட்டன. இன்று தண்ணீர் பால்போல் இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. (வாசகர், ஈரோடு)

இவருக்கு அஞ்சலில் உடனே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

மீனை இப்போது வாட்டுவது மருந்தைவிட, கூட்டமாகச் செத்த நத்தைகள் அழுகுவதுதான். அழுகும்போது ஆக்சிஜன் தீர்கிறது, அம்மோனியா ஏறுகிறது. பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால், அம்மோனியாவில் நச்சு வடிவில் இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. ஆகவே போர்வெல் தண்ணீர்த் தொட்டிகளில் ஆபத்து இன்னும் அதிகம்.

முதலில் ஏர் பம்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள். இரண்டாவது ஏர் ஸ்டோன் இருந்தால் அதையும் போடுங்கள். பிறகு செத்த நத்தைகளைச் சைஃபனால் இழுத்தபடியே பாதித் தண்ணீரை வெளியேற்றுங்கள். அதே வெப்பத்தில், ஆன்டி குளோரின் கலந்த புதுத் தண்ணீரை மெல்ல நிரப்புங்கள். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்றைச் சேருங்கள்; தாமிரத்தில் ஒரு பகுதியை அது பிடிக்கும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். அந்த மூன்று நாளும் தீனி கிடையாது. அம்மோனியா டெஸ்ட் கிட்டில் 0.25 பிபிஎம்முக்குக் கீழே இறங்கும்வரை தினசரி மாற்றத்தை நிறுத்த வேண்டாம். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள்.

கிராவலுக்குள் கிடப்பதில் எது செத்தது என்று தெரியாவிட்டால் ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள். செத்ததன் நாற்றம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நத்தை தின்னும் மீன் விட்டால் வேலை முடிந்ததல்லவா? கொளத்தூர் மீன் கடைகளில் பஃபர், லோச் இரண்டும் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்? (வாசகர், பெரம்பூர்)

நத்தைக்காக மட்டும் மீன் வாங்காதீர்கள். நத்தை தீர்ந்த பிறகும் அந்த மீன் பல ஆண்டு உங்களோடு இருக்கும்.

பீ பஃபர் என்று விற்பது கேரள, கர்நாடக மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் மட்டும் வாழும் குட்டி மீன். இரண்டரை சென்டிமீட்டர்தான் வளரும், முழுக்க நன்னீர் மீன். சிறு நத்தையை உறிஞ்சித் தின்பதில் இதற்கு இணையில்லை. ஆனால் கப்பியின் வாலை, பெட்டாவின் துடுப்பைக் கடித்துக் குதறும். உலர்தீனியை அநேகமாகத் தொடாது. நத்தை தீர்ந்தால் உறைந்த ரத்தப்புழு போன்றவை கொடுத்தாக வேண்டும். ட்ரம்பெட்டின் கெட்டி ஓட்டோடு இதன் சிறிய பல் மோதக் கூடாது. காடுகளின் ஆறுகளிலிருந்து அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இருக்கிறது. ஜீப்ரா லோச் அதைவிட மோசமான நிலையில், அருகிவரும் இனமாகப் பட்டியலில் இருக்கிறது. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. பொதுத் தொட்டியின் நத்தைத் தொல்லைக்காக இவற்றை வாங்குவது சரியில்லை என்று நினைக்கிறோம். பண்ணையில் இனப்பெருக்கம் செய்த பஃபர்கள் கிடைத்து, அவற்றுக்கென்றே தனித் தொட்டி வைப்பீர்களானால் அது வேறு.

க்ளௌன் லோச் கடையில் இரண்டு அங்குலம் இருக்கும். சுமத்ரா, போர்னியோ ஆறுகளில் ஒரு அடி வளரும் மீன் அது. யோயோ லோச் அரை அடி வரை போகும், ஐந்தாறாகச் சேர்ந்துதான் நிம்மதியாக இருக்கும். நாலடித் தொட்டி இருப்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

செர்ரி இறால் தொட்டி. ராம்ஸ்ஹார்ன் பெருகிவிட்டது. இறாலுக்குக் கேடில்லாத வழி? (வாசகி, கோவை)

தாமிரம் உள்ள எந்த நத்தைக்கொல்லியும் இறாலைக் கொல்லும். பஃபரும் லோச்சும் இறாலையே தின்னும். உங்களுக்கு மிஞ்சுவது பொறியும் அசாசின் ஸ்நெயிலும்.

அசாசின் தென்கிழக்காசிய நத்தை. மஞ்சளும் பழுப்புமாக வரி போட்ட கூம்பு ஓடு. மற்ற நத்தைகளின் ஓட்டுவாய்க்குள் தன் துதிக்கை போன்ற உறுப்பை நீட்டி உறிஞ்சித் தின்னும். 45 லிட்டர் தண்ணீருக்கு நாலைந்து போதும். மெல்ல வேலை செய்யும்; இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அடியில் இரண்டு அங்குலம் மணலோ நுண்ணிய கிராவலோ இருந்தால் புதைந்து வேட்டையாடும். நலமான இறாலைப் பொதுவாகப் பிடிக்காது. நலிந்ததையும் செத்ததையும் தின்னும். ஆணும் பெண்ணும் தனித்தனி, ஒரு முட்டைக்கு ஒரு சின்னச் சதுர உறை என்று இடும், வளர்ச்சியும் மெதுவு. எனவே இது இன்னொரு தொல்லையாகப் பெருகும் வாய்ப்பு குறைவு. நெரைட் நத்தை வைத்திருந்தால் மட்டும் முன்பே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அதையும் விடாது.

இறால் தீனியைத் தொட்டியில் நேரே போடாமல் சிறு கண்ணாடித் தட்டில் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மிச்சத்தோடு, அதில் ஏறிய நத்தைகளோடு தட்டை வெளியே எடுத்துவிடலாம்.

புதுச் செடி வாங்கும்போதே நத்தை வராமல் தடுக்க முடியுமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பெருமளவு முடியும். இந்தப் பக்கத்தில் நாங்கள் சொல்வதிலேயே மிகப் பயனுள்ளது இதுதான்.

சட்டியோடு வந்தால் சட்டியையும் வேரைச் சுற்றியுள்ள பஞ்சையும் அகற்றிவிடுங்கள். ஓடும் தண்ணீரில் ஒவ்வோர் இலையையும் இரு விரலுக்கிடையில் வைத்து இழுத்துத் தடவினால் முட்டைக் கோழை கையில் வழுக்கும். பிறகு படிகாரக் குளியல்: ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பொடித்த படிகாரம் 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி, முழுக்கக் கரைந்த பின் செடியை இரண்டு மூன்று மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். நத்தை செத்துவிடும், ஆனால் முட்டைக்கு இது உத்தரவாதம் இல்லை. நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, தனி வாளியில் வெளிச்சம் படும் இடத்தில் மூன்று வாரம் வையுங்கள். தப்பிய முட்டை அதற்குள் பொரித்துக் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற தடித்த இலைச் செடிகளுக்கு ப்ளீச் குளியல் கொடுக்கலாம். வாசனை சேர்க்காத திரவ ப்ளீச் 50 மில்லி, தண்ணீர் 950 மில்லி, ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தபடி செய்யுங்கள். உடனே அலசி, ஆன்டி குளோரின் மூன்று மடங்கு கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். முகர்ந்தால் ப்ளீச் வாடையே இருக்கக் கூடாது. ஹைட்ரில்லா, வேலிஸ்னேரியா, கபோம்பா, மாஸ் வகைகள் இதில் வெந்துபோகும். ப்ளீச்சிங் பவுடர் வேறு பொருள், வீரியம் பல மடங்கு; அதை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள்.

டிஷ்யூ கல்ச்சர் டப்பாவில் வரும் செடிகளில் நத்தை இராது. மீன் வாங்கி வரும் பையின் தண்ணீரை ஒருபோதும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வலை, வாளி இரண்டையும் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தால் முன்பு நன்றாகக் காயவையுங்கள்.

மூடியின் உட்புறம், தண்ணீருக்கு மேலே, இளஞ்சிவப்பில் கொத்தாக ஏதோ ஒட்டியிருக்கிறது. (வாசகி, வேலூர்)

மிஸ்டரி ஸ்நெயிலின் முட்டை. இதைக் கட்டுப்படுத்துவதுதான் எல்லாவற்றிலும் எளிது, ஏனென்றால் முட்டை கண் முன்னே இருக்கிறது. பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி எடுத்துவிடுங்கள். பொரிக்க இரண்டு வாரமாவது ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை மூடியைப் பார்த்தால் போதும். தண்ணீரில் விழுந்தால் அழுகும், விழாமல் எடுங்கள். பெண் நத்தை பல மாதங்களுக்கு முன் சேர்ந்த விந்தைச் சேமித்து வைத்திருக்கும். எனவே தனியாக வாங்கி வந்த ஒன்றும் முட்டையிடும்.

செடி இலைகளில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. நத்தைதான் தின்கிறதா? (வாசகர், சேலம்)

பிளாடரும் ராம்ஸ்ஹார்னும் நலமான தடித்த இலையைக் கடிப்பதில்லை. செத்த திசுவையும் பாசியையும்தான் சுரண்டும். முதிர்ந்த இலையில் முதலில் ஊசிமுனைப் புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், பிறகு ஓட்டை என்றால் பொட்டாசியம் குறைவு. அதற்கான உரத்தை அளவோடு சேருங்கள், புதிய இலைகள் சுத்தமாக வரும். ஓட்டைக்குப் பதில் இலையின் விளிம்பே கடித்தெடுத்ததுபோல் காணாமல் போயிருந்தால் ஆப்பிள் ஸ்நெயில் குடும்பத்தைத் தேடுங்கள். வயல் வாய்க்காலிலிருந்து எடுத்து விட்ட நத்தை ஒரே வாரத்தில் செடித் தொட்டியை மொட்டையாக்கிவிடும்.

இன்டர்னல் ஃபில்டர் கடகடவென்று சத்தம் போடுகிறது, தண்ணீர் வேகமும் குறைந்துவிட்டது. (வாசகர், நாகர்கோவில்)

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் தலைப்பகுதியைக் கழற்றி, காந்தத்தோடு இருக்கும் சிறு சுழல்விசிறியை (இம்பெல்லர்) வெளியே இழுங்கள். அந்தக் குழிக்குள் நத்தையோ ஓட்டுத் துண்டோ கிடக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். அச்சு ஊசி உடைந்திருந்தால் இம்பெல்லரை மாற்ற வேண்டும். அப்படியே ஓட்டினால் மோட்டார் சூடாகிக் கருகும். உறிஞ்சும் வாயில் ஒரு முன் ஸ்பாஞ்ச் மாட்டி, வாரம் ஒரு முறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிட்டால் இது திரும்ப வராது.

நத்தைகளால் குழந்தைகளுக்கு நோய் வருமா? எடுத்த நத்தைகளை எங்கே போடுவது? (வாசகி, தஞ்சாவூர்)

குளம், வயல், வாய்க்காலில் எடுத்த நத்தையையும் செடியையும் வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். நம் வயல்களில் உள்ள ராம்ஸ்ஹார்ன் இனம் ஒன்று, மாடுகளைத் தாக்கும் ரத்தத் தட்டைப்புழுக்களின் இளம்பருவத்தைச் சுமக்கிறது. அந்தத் தண்ணீரில் நிற்பவர்களுக்கு ஏற்படும் தோல் அரிப்புக்கு அதுவும் ஒரு காரணம். வேறு சில தட்டைப்புழுக்கள் நத்தையிலிருந்து மீனுக்கும், மீனைத் தின்னும் பறவைக்கும் போகும். மீனின் தோலில் கரும்புள்ளியாகத் தெரியும். தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்ந்த நத்தைகளில் இந்தச் சுழற்சி தொடர வழியில்லை, மாடும் பறவையும் அங்கே கிடையாது. ஆனாலும் தொட்டி வேலை முடிந்ததும் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடக் கூடாது. மீனிலிருந்து தொற்றும் ஒரு வகை மைக்கோபாக்டீரியா காயத்தின் வழியே தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

எடுத்த நத்தைகளைச் சாக்கடையிலோ ஏரியிலோ கொட்டாதீர்கள். மிஸ்டரி ஸ்நெயில் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய இனமான கோல்டன் ஆப்பிள் ஸ்நெயில் தென்கிழக்காசியாவின் நெல்வயல்களில் செய்த சேதம் பெரியது. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, ஃப்ரீசரில் ஒரு முழு நாள் வைத்து, பிறகு ரோஜா, கறிவேப்பிலைத் தொட்டிகளில் நாலு அங்குல ஆழத்தில் புதையுங்கள். ஓட்டின் சுண்ணாம்பும் செடிக்குப் போய்ச் சேரும். தொட்டி மருந்து பட்ட நத்தைகளைக் காய்கறிச் செடிக்குப் போட வேண்டாம். அவற்றைக் குப்பையோடு சேர்த்துவிடுங்கள்.